மாடி முழுசாத் தெரியணும்

"பொண்ணு கொஞ்சம் மங்கலா விழுந்தாக்கூடப் பரவால்ல பாய். மாடி முழுசா, தெளிவாத் தெரியணும்."

ராமதாஸ் இப்படிச் சொன்னதும் போட்டோகிராபர் குலாம் ரசூல் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார். திருவண்ணாமலையில் இருபது வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறார். வரன் பார்க்க அனுப்பும் படம் என்றால் நிறம் கூட வேண்டும் என்பார்கள், மூக்கு சின்னதாக வேண்டும் என்பார்கள். மூஞ்சியே வேண்டாம், மாடி போதும் என்றால் அவரும் என்ன செய்வார்.

ராமதாஸைச் சொல்லியும் குற்றமில்லை. மகள் பொன்னிக்கு இருபத்தெட்டு நடக்கிறது. முன்பு அனுப்பியது நீலத்திரைக்கு முன்னால் எடுத்த ஸ்டூடியோ படம். மூன்று இடத்திலிருந்து போன வேகத்திலேயே திரும்பி வந்தது. பெண் லட்சணம்தான், குடும்பம் எப்படி என்று தெரியவில்லையே என்றார்கள். நாலாவது இடம் கீழ்பென்னாத்தூர். பையன் புகழேந்தி, பள்ளிக்கூட வாத்தியார். இதுவும் தட்டிப்போனால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று ராமதாஸுக்கு நிஜமாகவே பயம். அதனால் குடும்பம் எப்படி என்பதை ஒரே படத்தில் காட்டிவிடத் தீர்மானித்தார்.

ரசூல் பொறுமையாக விளக்கினார். கேமராவின் கண்ணை அகலமாகத் திறந்தால் பெண் மட்டும் பளிச்சென்று விழுவாள். பின்னால் இருப்பதெல்லாம் கலங்கிவிடும். கண்ணைச் சுருக்கினால் பெண்ணிலிருந்து மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிவரை தெளிவாக விழும். ஆனால் உள்ளே போகிற வெளிச்சம் கம்மி, அதனால் பெண் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும்.

"எல்லாமே தெரியும் சார். யோசிச்சுக்குங்க."

"அதான் வேணும்," என்றார் ராமதாஸ்.

பிறகு ஏற்பாடுகளில் இறங்கினார். ஸ்கூட்டரை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார். குரோட்டன்ஸ் தொட்டிகளைப் படியின் இரண்டு பக்கமும் வைக்கச் சொன்னார். கலர் டிவியை ஜன்னலோரம் நகர்த்தித் திரைச்சீலையை விலக்கச் சொன்னார். மாடிக் கொடியில் துணி தொங்குவது தரித்திரம் என்றார். ரசூலே ஓடிப்போய் அத்தனையையும் எடுத்துவிட்டு வந்தார். ஒன்பதரைக்கு மேல்தான் மாடியில் வெயில் நேராக விழும் என்று காத்திருக்கவும் வைத்தார். தொழில் பக்தி என்றால் அப்படி.

இப்படித் தள்ளு, அப்படித் தள்ளு என்று அப்பா விரட்டியதில், படியில் நின்ற பொன்னி காம்பவுண்டுச் சுவர்வரை வந்துவிட்டாள்.

"நான் வேணா தெருவுல போயி நின்னுக்கறேம்பா. வூட்டை மறைக்கிறேன் பாரு," என்றாள்.

ராமதாஸ் அதைக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வேண்டாம் என்றார்.

ரசூல் பெண்ணையும் குறிவைக்காமல், வீட்டையும் குறிவைக்காமல், இரண்டுக்கும் இடையில் ஓரிடத்தைப் பார்த்து போகஸ் செய்தார். பொன்னி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

படம் வந்தது. பால்கனி கிரில்லில் எத்தனை பூ என்று எண்ணலாம். ஸ்கூட்டர் நம்பரைப் படிக்கலாம். தேடினால் ஓரத்தில் பொன்னியும் கிடைப்பாள்.

தரகர் வேணு படத்தை வாங்கிக்கொண்டார். பையன் வீட்டார் ரொம்ப பக்திமான்களாம். வீடு வாசலெல்லாம் எதற்கு, பெரிய கோயிலிலேயே பெண் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்களாம். ராமதாஸும் பக்தியில் சளைத்தவரில்லை. வேணு சொல்லி முடிக்கும் முன்பே சரி என்றார். வேணு அன்றைக்கே கீழ்பென்னாத்தூர் போய்ப் பெண் படத்தைக் கொடுத்துவிட்டு, மறுநாள் மத்தியானம் பையன் படத்தோடு வந்தார்.

ராமதாஸ் முறைப்படி, பையனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்த்தார். பார்த்தவர் சட்டையை மாட்டிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டூடியோவுக்கு ஓடினார்.

பையன் படத்தை ரசூலின் மேஜையில் போட்டு, பக்கத்தில் பொன்னியின் பிரதியையும் போட்டார். அதே பால்கனி, அதே கிரில், அதே ஸ்கூட்டர், அதே நம்பர். பொன்னி நின்ற இடத்தில் புகழேந்தி மட்டும் புதுசு.

"இன்னா அநியாயம் பாய் இது. அடுத்தவன் வூட்டைத் தன் வூடுன்னு காட்டிப் பொண்ணு கேக்கறானுங்க. இவனுங்கள நம்பியா என் பொண்ணைக் குடுக்கறது?"

ரசூல் பூதக்கண்ணாடியை எடுத்து இரண்டையும் நிதானமாகப் பார்த்தார். இரண்டுமே நல்ல தெளிவுதான்.

"காலையிலேயே பையனோட அப்பா பஸ் ஏறி வந்து, உங்க பொண்ணு படத்தை இதே மேஜையில போட்டு, இதையேதான் சார் சொல்லிட்டுப் போனாரு," என்றார். "நான் இன்னா பண்றது? ரெண்டு பேருமே என் வூட்டு வாசல்ல நின்னுதானே மாடி முழுசாத் தெரியணும்னு கேட்டீங்க."