கதவோரக் கல்

"என்னண்ணா, மீசையைக் காணோம்!"

துக்கம் கேட்க வந்தவரிடம் இறந்துபோன நண்பரின் மனைவி கேட்ட முதல் கேள்வி அது. நாற்பது வருடம் குடியிருந்துவிட்டுக் காலி செய்துபோன இடத்தை அவர் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"நரைச்சுப்போச்சும்மா" என்றபடி உள்ளே நுழைந்தவர், திறந்த கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த துணிப்பொதியில் கால்விரலை இடித்துக்கொண்டார்.

"ஐயோ! வர்றவங்க விரலையெல்லாம் அது பதம் பார்க்காம விடாது. உட்காருங்கண்ணா. பையைக் கீழே வைங்களேன், கனமா இருக்கு போல."

"இருக்கட்டும்." பை மடியிலேயே இருந்தது.

அவரும் நண்பரும் ஒரே கல்லூரியில் நிலவியல் ஆசிரியர்கள். ஊருக்குப் பின்னாலிருக்கும் பனிமலை ஒரு காலத்தில் வெதுவெதுப்பான கடலுக்கடியில் கிடந்தது என்றார் நண்பர். "உளறாதே, அது என்றைக்கும் பனிமலைதான்" என்றார் இவர், நிறைந்த சபையில். அன்றோடு பேச்சு நின்றது. மலை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"கடைசி வரைக்கும் என்னைத் திட்டிக்கிட்டே இருந்திருப்பானே?"

"திட்டவா?" அந்த அம்மாள் பொதியைத் தூக்கி வந்து உறையைக் கழற்றினார். "தரையைக் கீறுதுன்னு நான்தான் தைச்சுப் போட்டேன். இதைப் பாருங்க."

கல்லாகிப்போன சிப்பியின் ஒரு பாதி. வெதுவெதுப்பான கடலில் மட்டுமே வளரும் இனம். அவர் கை மடியிலிருந்த பையைப் பற்றிக்கொண்டது.

"மலையில நீங்க தோண்டுற பள்ளத்துக்குப் பக்கத்துலயே கிடைச்சுதாம்."

"ஏன் யார்கிட்டயும் காட்டல?"

"'நான் காட்டினா அவனுக்குத் தலைகுனிவு, அவனே கண்டுபிடிச்சா ஓடி வருவான்'னாரு. ஒரு பாதியை எடுத்துக்கிட்டு, மறுபாதியைக் கிடந்த இடத்துலயே விட்டுட்டு வந்துட்டாரு. அப்புறம் கதவைச் சாத்தவே விடல. சாத்தியிருந்தா தட்டாமத் திரும்பிடுவானாம். அங்கே ஒரு சிப்பி கிடைச்சா மீசையை எடுத்துடறேன்னு சபதம் போட்டீங்களாமே? ஒருநாள் வெறும் மூஞ்சியோட வந்து நிப்பான், அன்னைக்கு எதுவும் கேட்காம உள்ளே..."

அந்த அம்மாளின் பேச்சு பாதியில் நின்றது. அவருடைய வெறும் மேலுதட்டையே பார்த்தார்.

அவர் பையைத் திறந்து, எட்டு வருடமாகக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்ததை எடுத்து அந்தப் பாதியின்மேல் வைத்தார். பல்லோடு பல் பொருந்தி, சிப்பி மூடிக்கொண்டது.