இரண்டாவது நாற்காலி

கடலின் முன்னால் ஒவ்வொரு மனிதனும் தனியன்.

அவர் இதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது.

அதே குரலில், "சூரியன் என் தலைக்கு நேரா வருதா?" என்று கேட்டார்.

"வருது" என்றாள் அவள்.

முனையில் அவர்களையும் வேனையும் தவிர எதுவும் இல்லை. மூன்று பக்கமும் கடல். நிற்காத காற்று. வேன் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி. வெளியே இரண்டு மடக்கு நாற்காலிகள். ஒன்றில் அவர். இன்னொன்றில் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தவள், அவர் போனில் அவரைப் படம் எடுப்பதற்காக எழுந்திருந்தாள்.

நாலு வருஷமாக இப்படித்தான். கடலோரமாகவே போவார்கள். நல்ல இடம் வந்தால் நிறுத்துவார். முக்கால் முதுகு, கால் முகம் தெரிகிற மாதிரி உட்காருவார். கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிடுவார். அதைப் போட்டால் ரிட்டயரான துணைப் பதிவாளர் மாதிரி இருக்கிறதாம்.

அவர் ரிட்டயரான துணைப் பதிவாளர்தான்.

"அந்த நாற்காலி அங்கயே இருக்கட்டும்" என்பார்.

அதில் அவளுக்கு ஒரு சந்தோஷம். எழுந்து வந்தாலும் தன் இடம் படத்தில் இருக்கிறது.

படங்களை எங்கே போடுகிறார் என்று அவள் கேட்டதில்லை. அவள் போனில் சீரியல் பார்ப்பாள்.

ஒரு பைக் வந்து நின்றது. இளம் ஜோடி. வேனைப் பார்த்தார்கள், அவர் தாடியைப் பார்த்தார்கள். அந்தப் பெண் ஹெல்மெட்டோடு ஓடி வந்து கும்பிட்டாள்.

"சார், நெய்தல் நாடோடி நீங்கதானே? உங்க வடிவம்மாவை நெனச்சு நாங்க ரெண்டு பேரும் அழுதிருக்கோம் சார்."

வடிவு அவள்தான். சண்முகவடிவு. கல்யாணமான முப்பத்தொரு வருஷத்தில் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பார்.

"இவங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

அவர் கடலைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"சமையலுக்கு வந்திருக்காங்க."

முதல் தடவையாக மரியாதை.

பெண் அவள் கையில் தன் போனைத் திணித்தாள். "நீங்க படிச்சதில்லையாக்கா? படிங்க. இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கெடைப்பாங்க!"

கையிலிருந்த அவருடைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். படித்தாள்.

அவள் செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

ஐப்பசியில். மஞ்சள் காமாலை. அந்த ஐப்பசியில்தான் இந்த வேன் வந்தது. அவளுக்குச் சளிகூடப் பிடிக்கவில்லை.

எல்லாப் படங்களும் அவள் எடுத்தவை. எல்லாவற்றிலும் அவளுடைய காலி நாற்காலி. கீழே வரிசையாகக் கூப்பிய கைகள், அழுகிற முகங்கள். இருபத்தாறாயிரம் பேர் துக்கம் விசாரித்திருந்தார்கள்.

செத்தவள் நன்றாகப் பாடுவாளாம். கடலைக் கண்டால் குழந்தை மாதிரி ஓடுவாளாம். ஒரு நாளும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லையாம்.

இவளுக்குப் பாட்டு வராது. முட்டிவலி. நிறையப் பேசியிருக்கிறாள்.

முதலில் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. அவ்வளவு ஆசையாக அவர் யாரைப் பற்றியும் பேசி அவள் கேட்டதே இல்லை.

ஜோடி அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டது. எடுத்தது அவள். பைக் போய்விட்டது.

காற்று மட்டும் இருந்தது.

"அதெல்லாம் ஒரு இதுக்காக எழுதுறது" என்றார். "இலக்கியம். உனக்குப் புரியாது."

"காமாலைன்னு போட்டிருக்கீங்க."

"மாரடைப்புன்னா எல்லாரும்தான் போடுவாங்க."

கொஞ்சம் பொறுத்து, வெளிச்சம் போகிறது என்றார். உட்கார்ந்தார். முக்கால் முதுகு, கால் முகம். கால் முகத்தில் துயரம் வந்து சேர்ந்தது.

அவள் வேனுக்குப் பின்னால் போனாள். வந்தாள். அவர் முதுகுப் பக்கம் குனிந்து என்னவோ செய்தாள். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை.

"நாற்காலி இருக்குல்ல?" என்றார், திரும்பாமல்.

"இருக்கு."

எடுத்தாள்.

அவர் போனுக்கு இங்கே மணல்மேட்டின் உச்சியில்தான் சிக்னல் வரும். எந்த ஊரிலும் சிக்னல் தேடி அவரே போய்ப் போட்டுவிட்டு வருவார். இனி ஒளிக்க எதுவும் இல்லை என்பதால் அந்த வேலையும் அவளுக்கு வந்தது.

"மத்தியானமே எழுதி வச்சிட்டேன். படத்தைச் சேத்து அமுக்க வேண்டியதுதான். எது நல்லா இருக்கோ அதைப் போடு."

கடலைப் பார்த்தபடியே சொன்னார். கண்ணாடியைத் திருப்பிக் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை.

மேட்டில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். உச்சியில் ஒரே ஒரு கோடு சிக்னல். அவர் எழுதியிருந்ததை ஒரு தடவை படித்தாள்.

*கடலின் முன்னால் ஒவ்வொரு மனிதனும் தனியன். வடிவு, உன் நாற்காலி இன்றும் காலி.*

ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. படத்தைச் சேர்த்தாள். அமுக்கினாள்.

வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. போய்விட்டது.

கீழே அவர் இன்னும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

படத்திலும் உட்கார்ந்திருந்தார். தலைக்கு நேராகச் சூரியன். பக்கத்து நாற்காலியில், காற்றில் பறந்துவிடாமல் இரண்டு கிளிப் போட்டு, காலையில் துவைத்த அவளுடைய அரக்குக் கலர் உள்பாவாடை காய்ந்துகொண்டிருந்தது.