பத்துப் பேர் எழுந்து போக ஓர் உரை

"கேட்ட கையோட பத்துப் பேர் எழுந்து வந்து கையெழுத்துப் போடணும். அப்படி ஒரு பேச்சு வேணும், புலவரே!"

குடைத் தொழிற்சாலையின் மேலாளர், விருப்ப ஓய்வுப் படிவங்களை மேசைமேல் விசிறிபோல் பரப்பி வைத்திருந்தார். சம்பளச் செலவைக் குறைக்க, வெள்ளிக்கிழமைக்குள் பத்துப் பேர் தாமாகவே விரும்பி விலக வேண்டும் என்பது தலைமை அலுவலகத்தின் உத்தரவு. தவறினால் தையல் பிரிவையே இழுத்து மூடிவிடுவார்களாம்.

எழுத்தருக்குப் 'புலவர்' பட்டம் வாங்கித் தந்தவை விடுப்பு விண்ணப்பங்கள். அவர் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை.

"எழுதிரலாம் சார். ஆனா கேக்குறவங்க மனசு தெரியணுமே. ஐம்பதைத் தாண்டினவருக்குக் காலையில கண் முழிச்சதும் என்ன தோணும்?"

"என்ன தோணும்? இடுப்பு வலிக்கும். இன்னைக்கும் அதே நாற்காலியான்னு இருக்கும்."

"நிறைவேறாத ஆசை?"

மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "ஏரிக்கரையில தூண்டிலைப் போட்டுட்டுச் சும்மா உக்காரணும். ஒரு பயலும் போன் பண்ணக் கூடாது."

"பயம்?"

"பேத்தி நம்மளை அடையாளம் தெரியாம அழுதுருவாளோன்னு."

எழுத்தர் ஒரு சொல் விடாமல் குறித்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் உரை தயார். தொடக்கத்தில் இடுப்பு, நடுவில் பேத்தி, முடிவில் ஏரி.

"சும்மா வாசிச்சாப் போதாது சார், நெஞ்சுல ஊறணும். தினம் நாலு தடவை கண்ணாடி முன்னால நின்னு, கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க: 'உழைத்தது போதும். இன்றே எழுந்து வா!'"

"'வாருங்கள்'னு மரியாதையாச் சொல்ல வேண்டாமா?"

"மொத்தமாக் கூப்பிட்டா யாரும் வர மாட்டாங்க சார். ஒவ்வொருத்தரும் தனக்குச் சொன்னதா நினைக்கணும்."

தேநீர் எந்திரத்தருகே எழுத்தரை மடக்கினாள் தையல்காரி. பெயருக்குத்தான் 'விருப்ப' ஓய்வு; பிரிவு மூடினாலும் சரி, பத்துப் பேர் போனாலும் சரி, முதலில் உருளப்போவது கடைசியாக வேலைக்குச் சேர்ந்த அவள் தலைதான்.

"ஏண்ணே, எங்க கழுத்துக்குக் கயிறு திரிக்க நீங்கதான் கிடைச்சீங்களா? ரெண்டு பொண்ணுங்க படிப்பு முடிய இன்னும் மூணு வருஷம் இருக்கு!"

"பேச்சு நல்லா வந்திருக்கும்மா" என்றார் எழுத்தர், தேநீரை ஊதியபடி.

"நல்லா இருப்பீங்க!" என்று அவள் கோப்பையை நங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமை மேலாளர் அறைக்குள்ளிருந்து குரல் முழங்கியது. வியாழக்கிழமை, பேத்தி வரும் இடத்தில் தழுதழுத்தது. 'ஆகா, என்ன நடிப்பு!' என்று வாசலில் நின்றவர்கள் வயிறெரிந்தார்கள்.

வெள்ளிக்கிழமை, கூடம் நிறைந்திருந்தது. மேடை காலியாக இருந்தது. அரை மணி கழித்து உதவி மேலாளர் மட்டும் ஒரு காகிதத்தோடு வந்தார்.

"கூட்டம் கிடையாது. மேலாளர் நேத்து சாயங்காலமே விருப்ப ஓய்வுல கையெழுத்துப் போட்டுட்டார். அவர் ஒருத்தர் சம்பளமே உங்கள்ல பத்துப் பேர் சம்பளமாம்; அது போதும்னு தலைமை அலுவலகம் சொல்லிருச்சு. யாரும் போக வேண்டாம், எந்தப் பிரிவும் மூடலை. போய் வேலையைப் பாருங்க!"

கூடம் ஆர்ப்பரித்தது. தையல்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுத்தரிடம் வந்தாள்.

"பாவம்ண்ணே நீங்க. மாஞ்சு மாஞ்சு எழுதின பேச்சைக் கேக்க ஒரு ஆள் இல்லாமப் போச்சே!"

எழுத்தர் நிதானமாகப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"யாருக்காக எழுதினேனோ, அவர் பன்னிரண்டு தடவை கேட்டுட்டாரும்மா."