'டி'யைக் காணோம்

"ஐயோ, எல்லாம் போச்சு!"

ஸ்டுடியோவில் மணிவேல் போட்ட சத்தம் பின்னாலிருந்த வீடு வரை கேட்டது. பாரதிப்ரியா சேலைக்கு ஊக்குக் குத்திக்கொண்டே வந்தாள்.

"'டி' டிரைவ்தானே? நவருங்க."

"அம்பகரத்தூர் சேக் அலாவுதீன் வீட்டுக் கல்யாணப் படம் மொத்தமும் அதுலதான். கேமரா கார்டையும் அழிச்சாச்சு. மத்தியானம் மனுஷன் வந்து நிப்பாரு. மறுபடி ஒருதரம் கல்யாணம் பண்ணுங்கன்னா சொல்றது?"

"மூணு நாளா என் சர்டிபிகேட் ஃபைலைக் காணோம்னு கெடந்து தவிக்கிறேன். 'எங்க போயிடும், நல்லாத் தேடு'ன்னீங்கல்ல? நீங்களும் தேடுங்க."

"குத்திக்காட்டுற நேரமாடி இது?"

பத்து மணிக்கு அவளுக்கு இன்டர்வியூ. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை. 'பொண்டாட்டி சம்பாதிச்சுத்தான் நான் சாப்பிடணுமா?' என்று ஒரு வாரமாக மணிவேல் குதித்தும் அவள் மசியவில்லை. ஃபைல் கிடைக்காவிட்டாலும் வெறுங்கையோடு போவேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மவுஸைத் தொடவேயில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளைத் தட்டினாள். ஹார்ட் டிஸ்கின் பகுதிகள் வரிசையாக வந்து நின்றன.

"இந்தா, ரெண்டாவது. உள்ள எல்லாம் பத்திரமா இருக்கு. 'டி'ங்கிற எழுத்துதான் இல்ல. கதவு நம்பரைப் பிச்சிட்டா தபால்காரர் வீடே இல்லன்னு திரும்பிடுவாரு பாருங்க, அதேதான்."

"தட்டித் தட்டி அழிச்சிடாதே..."

"வாயை மூடிக்கிட்டு நில்லுங்க."

இன்னும் இரண்டு வரி தட்டினாள். 'டி' வந்துவிட்டது. திறந்தால், அலாவுதீன் வீட்டு மணப்பெண் மருதாணிக் கையோடு சிரித்தாள்.

மணிவேலுக்கு அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மெதுவாகப் போய், அருவி வரைந்த பின்திரையை விலக்கி, சுவரோரம் சாய்ந்திருந்த நீல ஃபைலை எடுத்து நீட்டினான்.

"இங்க... கெடந்துச்சு. வா, வண்டியில கொண்டுபோய் விடுறேன்."

அவள் வாங்கி, தூசியைத் தட்டிவிட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

வண்டியை உதைத்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. "ஆமா பாரதி, அந்த எழுத்து எப்படித் தன்னால போகும்?"

அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"என் ஃபைல் தன்னால திரைக்குப் பின்னால போகலியா? அப்படித்தாங்க."