பார்க்கத் தகுந்த வயது

எந்த வயதில் போர்ப்படம் பார்க்கலாம் என்று தீர்ப்புச் சொல்ல மட்டக்களப்பு மாவட்டத்திலேயே தகுதியுள்ள ஒரே ஆள் நான்தான். நாவற்குடா வீட்டில் மத்தியான வெக்கை. தங்கை கம்சாயினியின் வகுப்புக்கு நாளை காட்டப்போகும் படம் என் மடிக்கணினியில் ஓடுகிறது. அம்மா கையெழுத்து வைக்கவேண்டிய அனுமதிக் கடிதம் மின்விசிறிக் காற்றில் படபடக்கிறது. படத்தில் துவக்கு வெடித்ததும் அம்மா தங்கையிடம் அலுத்த குரலில், “மகள், தண்ணி கொண்டு வாங்க” என்கிறார். சுடும் காட்சிக்கு ஒன்றாக, இது மூன்றாவது செம்பு. “அவளுக்குப் பதினஞ்சு வயசும்மா. வயித்துக்குள்ள தண்ணி பவுசர் வண்டியா வச்சிருக்கீங்க?” என்கிறேன். தங்கை சிரித்துக்கொண்டு அசையாமல் இருக்கிறாள். திரையில், பதுங்குகுழிக்குள் ஒருத்தி அழும் குழந்தையின் வாயைப் பொத்துகிறாள். அம்மாவின் கண்கள் திரையை விட்டு என் முகத்துக்கு வருகின்றன. அவர் உள்ளங்கை மடியில், ஒரு சின்ன வாயைப் பொத்தும் அளவுக்கு, தானாகக் குவிகிறது. என் தேநீர்க் கோப்பையில் இன்னும் பாதி இருக்கிறது. “அம்மா,” என்கிறேன் மெல்ல, “ஒரு தேத்தண்ணி போட்டுத் தாங்களன்.”