பதில் வராதபோது

“இன்னிக்கு வெளியிடறதுதான் கடைசிப் பதிப்பு. சத்தியம் பண்ணியிருக்கீங்க,” என்று விமான நிலைய வரிசையில் நின்றபடியே கணவருக்கு நினைவூட்டினாள் அவள்.

கணினிகள் ஒன்றையொன்று கேட்டுப் பதில் பெற உதவும் ஜாவா மென்பொருள் கட்டமைப்பு ஒன்றை அவர் மாலைதோறும் எழுதி, எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்திருந்தார். எடுத்தவர் எவரையும் அவள் கண்டதில்லை.

“ஒருத்தராவது உபயோகிக்கிறாங்கன்னு காட்டுங்க, நான் வாயே திறக்கல.”

“காசா பணமா? எடுக்கறவங்க நம்மகிட்ட சொல்லிட்டா எடுப்பாங்க?”

அவர்கள் முறை வந்ததும் கவுண்டர் பெண் சலித்துக்கொண்டாள்.

“கொஞ்சம் பொறுங்கம்மா. தலைமையகத்துலேருந்து பதில் வரல. அப்படி வரலேன்னா, எங்க எல்லா ஊர் ஆபீஸ்லயும் இந்த வரிதான் வந்து நிக்கும். எந்தப் புண்ணியவான் எழுதினதோ, படிச்சாலே பசிக்குது.”

கவுண்டர் பெண் தன் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

‘சாப்பாடு ஆறுது. இன்னும் எத்தனை தடவை கூப்பிடணும்?’

அடுத்த கவுண்டரிலும், அதற்கடுத்ததிலும், கண்ணுக்கு எட்டிய கடைசித் திரை வரையிலும் அதே வரி ஒளிர்ந்தது.

மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் தம் செருப்பைப் பார்த்தார்.

“பதில் வராதப்ப காட்ட, மாதிரிக்கு ஒரு வரி தேவைப்பட்டது. அந்த நேரம் பாத்து நீ சமையலறையிலேருந்து கத்தினே. அதையே போட்டுட்டேன். எடுக்கறவங்க மாத்திக்குவாங்கன்னு நெனச்சேன்.”

தன் குரல் போய்ச் சேர்ந்திருக்கும் ஊர்களையெல்லாம் எண்ணிப் பார்க்க முயன்று, முடியாமல், அவள் வெகுநேரம் திரைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏங்க,” என்றாள் பிறகு, “அடுத்த பதிப்புலயும் அதை மாத்திடாதீங்க.”