ஹீட்டர் போடாத நாள்

இன்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பதாகச் சொன்ன ஜீப், கடைத்தெருவில் அவள் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது.

ஓட்டியது மெக்கானிக். ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, ஏதோ பாட்டன் சொத்து மாதிரி.

காய்கறிப் பையோடு அவள் அப்படியே நின்றுவிட்டாள். நேற்றுகூடப் போனில், கேஸ்கெட் இன்னும் வரவில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்றாரே. அந்த மனுஷனுக்குத் தெருவில் பேரே 'நாளைக்கு'தான்.

அவள் கோபக்காரி இல்லை. கும்பிடாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள். பொய் மட்டும் அவளுக்கு ஆகாது.

மலைமேல் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பேத்தி முகத்தை இன்னும் போட்டோவில்தான் பார்க்கிறாள். பஸ்ஸில் போய்வா என்று வீட்டுக்காரர் சொல்லாத நாளில்லை. பஸ் என்றாலே அவளுக்குத் தலை சுற்றி, குடல் வாய்க்கு வந்துவிடும். அதற்காகத்தான் அந்தக் காலத்தில் அவர் டீசல் ஜீப்பே வாங்கினார். நம்ம வண்டி சரியாகட்டும், உங்களோடுதான் வருவேன் என்று அவளும் பிடிவாதமாக இருக்கிறாள்.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. எந்த மேட்டிலும் ஏறும். வயசானதில் சீக்கிரம் சூடாவது ஒன்றுதான் குறை. மலையேறும்போது அவர் கண் பாதி ரோட்டில், பாதி சூடு காட்டும் முள்ளில். முள் கொஞ்சம் நிமிர்ந்தாலும் உள்ளே ஹீட்டரைத் திருப்பிவிடுவார். இன்ஜின் சூட்டை நாம் கொஞ்சம் வாங்கிக்கொண்டால் அது பிழைக்குமாம். கொளுத்துகிற வெயிலில் ஹீட்டர். வியர்வையில் குளித்துக்கொண்டே போவார்கள். "கட்டினவளைவிட உங்களுக்கு இன்ஜின்தான் ஒசத்தி" என்று அவள் சீண்டுவாள்.

மகள் மாசமாக இருந்தபோது போனதுதான் கடைசி. அன்றைக்கு ஹீட்டரே போடவில்லை. கடவுள் கண்ணைத் திறந்தார் என்று அவள் சுகமாகக் காற்று வாங்கிக்கொண்டு வந்தாள். மேல் வளைவில் குப்பென்று வெள்ளைப் புகை. இன்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் தகடு, ஹெட் கேஸ்கெட், போய்விட்டது.

அவள் நேரே ஷெட்டுக்கு நடந்தாள். ஜீப் அங்கே திரும்பி வந்து நின்றிருந்தது.

"நல்லாத்தானே ஓடுது தம்பி."

மெக்கானிக் துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துணியில் துடைத்தார். டீசல் வண்டியை ஒரேயடியாக நிறுத்திப் போட்டால் கெட்டுவிடும், அதனால் அப்பப்போ ஒரு சுற்று ஓட்டுவதாகச் சொன்னார்.

"அப்ப கேஸ்கெட்?"

"போட்டாச்சும்மா. ஹெட்டைக் கழட்டி, மட்டம் பார்த்து, ரேடியேட்டர் வரைக்கும் சுத்தம் பண்ணி, எல்லாம் அப்பவே முடிஞ்சது."

"அப்புறம் எதுக்கு வாய் கூசாம தினம் ஒரு பொய்? பொய்யில நல்ல பொய், கெட்ட பொய்னு ரெண்டு கிடையாது தம்பி. உங்க பொய்யால நான் பேத்தியைப் பார்க்காமக் கிடக்கேன்."

அவர் ஒரு ஸ்டூலைத் தட்டிப் போட்டார். "உக்காருங்கம்மா. ஐயாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன். ஆனா பேத்தின்னு சொன்னதுக்கப்புறம் மனசு கேக்கலை. ஐயா சொல்லித்தான் வண்டியை வெச்சிருக்கேன்."

அவள் உட்காரவில்லை.

இந்த வண்டியில் கேஸ்கெட் சும்மா போகாது, முள் சிவப்பைத் தொட்ட பிறகும் விடாமல் ஏற்றினால்தான் போகும் என்றார் அவர். இத்தனை வருஷம் காப்பாற்றிய மனுஷன் அன்றைக்கு எப்படிக் கோட்டை விட்டீர்கள் என்று ஐயாவிடமே கேட்டாராம்.

"'முள் தெரியலைப்பா'ன்னார்."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

பார்வை மங்கிக்கொண்டே வருகிறதாம். இருக்கிறதைக் காப்பாற்றலாம், போனது வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"முள் தெரியாதவனுக்கு நாளைக்கு வளைவும் தெரியாதுன்னார். வண்டி ரெடின்னு சொன்னா அவரை ஓட்டச் சொல்லி நீங்க கிளம்பிடுவீங்க. கண்ணு போச்சுன்னு சொன்னா, அவரைத் தனியா விட்டுட்டு வாசப்படி தாண்டமாட்டீங்க, பேத்தியையும் பார்க்கமாட்டீங்க. 'உன் மேல எரிச்சல்பட்டாவது ஒருநாள் பஸ் ஏறிடுவா, அதுவரைக்கும் திட்டு வாங்கிக்கப்பா'ன்னார். வாங்கிக்கிட்டிருக்கேன்."

அவளுக்கு அந்த மேல் வளைவுக் காற்று ஞாபகம் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் வந்து கேட்டதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

"அப்ப அடுத்த தடவை போன் பண்ணீங்கன்னா நான் என்னம்மா சொல்றது?"

"வழக்கம்போல நாளைக்குன்னே சொல்லுங்க."

வீட்டில் அவர் தடவித் தடவிப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். எத்தனை நாளாக அப்படி உரிக்கிறார் என்று அவளுக்கு இன்றைக்குத்தான் தோன்றியது. ஏன் லேட்டு என்றார். ஷெட்டுக்குப் போய்விட்டு வந்ததாகச் சொன்னாள்.

அவர் கை நின்றது. "என்ன சொன்னான்?"

பழக்கமில்லாத வாய், கொஞ்சம் திணறியது.

"கேஸ்கெட் இன்னும் வரலையாம். அந்த ஆளை நம்பினா பேத்தி பள்ளிக்கூடத்துக்கே போயிடுவா. பஸ்லயே போயிடலாங்க."

கை மறுபடி பட்டாணிக்குப் போனது. "அதைத்தானே நானும் சொல்றேன். நிம்மதியாப் போயிட்டு வா."

"தனியா எப்படிப் போறது? பஸ்னா எனக்குத் தலை சுத்துமே. நீங்களும் வரணும்" என்றாள். "ஏறும்போதும் இறங்கும்போதும் என் கையை மட்டும் விட்டுடாதீங்க."